அயர்லாந்தின் ஏரிகளுக்கு முதன்முறையாகச் செல்வோருக்கு: காற்றைப் பார்த்து நாளைத் திட்டமிடுவது எப்படி

அயர்லாந்தில் ஏரிப் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் மழை அல்ல, காற்றுதான். புதிதாக வந்தவர்கள் வானிலைச் செயலியில் மேகப் படத்தைப் பார்த்ததும் பயணத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். சூரியன் படம் தெரிந்தாலோ, காற்றின் வேகத்தைக் கவனிக்காமலே துடுப்புப் பலகையை (நின்றபடி துடுப்பு வலிக்கும் மிதவைப் பலகை) வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மெல்லிய தூறலில் ஏரிக்கரைக் காட்டில் நடப்பது அந்த நாட்டில் கிடைக்கக்கூடிய மிக நல்ல அனுபவங்களில் ஒன்று. பளிச்சென்று வெயில் அடிக்கும் நாளில், மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றில், பெரிய ஏரியின் நடுவே சிறு படகில் இருப்பதோ உண்மையான ஆபத்து. அதனால் இந்த வழிகாட்டியில் இடம், பருவம், உடை, படகு, நீச்சல், மீன்பிடிப்பு என்று எதைப் பற்றிச் சொன்னாலும் காற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஓர் ஏரியைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே வார இறுதியில் நான்கைந்து ஏரிகளைச் சுற்றிவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். நாட்டுப்புறச் சாலைகள் மெதுவானவை. பாதி நாள் வண்டியிலேயே போய்விடும். ஓர் ஏரி, இரண்டு நாள் என்பதே நல்ல கணக்கு.

டப்ளினில் இருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டுமானால் விக்லோ மலைகளில் உள்ள கிளெண்டலாக் ஏற்றது. டப்ளினுக்குத் தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரம். நகர மையத்தில் இருந்து செயின்ட் கெவின் பேருந்து செல்கிறது. ஆறாம் நூற்றாண்டில் துறவி கெவின் தொடங்கிய மடத்தின் இடிபாடுகளும், ஏறத்தாழ 30 மீட்டர் உயர வட்டக் கோபுரமும், அவற்றுக்கு அப்பால் கீழேரி, மேலேரி என்ற இரண்டு ஏரிகளும் அங்கே உள்ளன. வண்ணக் குறியிட்ட ஒன்பது நடைபாதைகளில் மேலேரியின் வடகரையை ஒட்டிய 'சுரங்கத் தொழிலாளர் பாதை' சமதளமானது, குழந்தைகளோடும் போகலாம். ஸ்பிங்க் முகட்டில் ஏறும் வெள்ளைக் குறிப் பாதையில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட மரப்படிகள் உண்டு. முகட்டில் காற்று அடிவாரத்தைவிட மிகப் பலமாக இருக்கும் என்பதால் அன்றைய காற்றைப் பார்த்துவிட்டே ஏறுங்கள்.

அதே மலைகளில் உள்ள டே ஏரியின் படம் இணையத்தில் எங்கும் கிடைக்கும். அதைச் சுற்றியுள்ள நிலம் தனியாருக்குச் சொந்தமானது. மலைச்சாலையில் இருந்து பார்த்துப் படம் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

நீச்சலும் விசைப்படகும் விருப்பமானால் ஷானன் ஆற்றின் மிகப் பெரிய ஏரியான லாக் டெர்க்கைப் பாருங்கள் ('லாக்' என்றால் ஏரி). மீன்பிடிப்பவர்கள் கால்வே மாவட்டத்தின் லாக் காரிப்புக்குப் போவார்கள். அயர்லாந்துக் குடியரசின் மிகப் பெரிய ஏரி அதுவே. ஸ்கிபரீன் ஊருக்கு அருகில் உள்ள லாக் ஹைன், குறுகிய வாய்க்கால் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்கும் உப்பு ஏரி. 1981இல் கடல்சார் இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கோடையின் இருண்ட இரவுகளில் அங்கே வழிகாட்டியோடு கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகை ஓட்டினால், துடுப்பு விழும் இடத்தில் நீர் ஒளிர்வதைப் பார்க்கலாம்.

ஃபெர்மானா மாவட்டத்தின் எர்ன் ஏரிகளும் அழகானவை. ஆனால் அவை வட அயர்லாந்தில், அதாவது ஐக்கிய இராச்சியத்தில் உள்ளன. சாலையில் எல்லைச் சாவடி எதுவும் இருக்காது, எல்லையைக் கடந்ததே சில சமயம் தெரியாது. என்றாலும் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு அங்கே செல்வதற்கான அனுமதி பொதுவாகத் தனியாகத் தேவை. டப்ளினில் வேலை பார்க்கும் நம்மவர்களின் அயர்லாந்து வதிவிட அட்டை மட்டும் அதற்குப் போதாது.

முதல் பயணத்துக்கு எது என்று என்னைக் கேட்டால் கெர்ரி மாவட்டத்தின் கில்லார்னி என்றே சொல்வேன். டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்தில் இருந்து ரயிலில் போகலாம். பெரும்பாலும் மாலோ சந்திப்பில் மாற வேண்டியிருக்கும். ஊரில் இருந்து ஏரிக்கு நடந்தே போய்விடலாம், மிதிவண்டியும் வாடகைக்குக் கிடைக்கும், தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. காற்று ஓர் ஏரியில் பலமாக இருந்தாலும் ஒதுங்கிக்கொள்ள இன்னோர் ஏரியோ காடோ அருகிலேயே இருக்கும் என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான காரணம்.

பருவத்தையும் நாளையும் முடிவு செய்தல்

மே, ஜூன் மாதங்களே என் பரிந்துரை. ஜூன் நடுவில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால், பகலில் காற்று அடித்தாலும் மாலையில் அது தணியும்வரை காத்திருக்க முடியும். ஜூலை, ஆகஸ்டில் நீர் சற்று வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டமும் விடுதி வாடகையும் கூடிவிடும். அக்டோபரில் ஓக் காடுகள் நிறம் மாறும். கில்லார்னியின் செம்மான்கள் இணைசேரும் பருவமும் அதுவே. ஆண் மான்கள் உறுமும் ஒலி பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும், ஆனால் அந்த நாட்களில் அவை முரட்டுத்தனமாக இருக்கும் என்பதால் நெருங்கிப் படம் எடுக்க முயலக் கூடாது. டிசம்பரில் மாலை நாலேகால் மணிக்கே இருட்டிவிடுகிறது; அப்போது காலை நடை மட்டும் போதும்.

பயணத்துக்கு முந்தைய மாலையில் அயர்லாந்து வானிலை நிலையமான மெட் ஏரனின் முன்னறிவிப்பைப் பாருங்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிலை எச்சரிக்கைகள் உண்டு. காற்றுக்கு மஞ்சள் எச்சரிக்கை வந்தாலே படகுத் திட்டத்தைக் கைவிட்டுவிடுங்கள். எச்சரிக்கை இல்லாத நாளிலும் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: சராசரிக் காற்று வேகம், பலத்த வீச்சின் வேகம், திசை. மணிக்கு 12 கிலோமீட்டருக்குக் கீழே என்றால் புதியவர்கள் கரையோரமாகத் துடுப்புப் படகு ஓட்டலாம். 12 முதல் 19 வரை என்றால் அலைகளின் முகட்டில் ஆங்காங்கே வெள்ளை நுரை தோன்றும். பயிற்சியாளர் உடன் இருந்தால் மட்டுமே இறங்குங்கள். 20ஐத் தாண்டினால் அன்று நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் ஏற்ற நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாலையில்

வாடகை வண்டி எடுப்பவர்கள் தானியங்கி கியர் வண்டி வேண்டுமானால் முன்பதிவிலேயே கேட்டுவிட வேண்டும். இடப்பக்க ஓட்டம் என்பதால் நம் ஊரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு அது சிரமமில்லை. சாலையின் அகலம்தான் சிரமம். ஏரிக்கு இறங்கும் கிளைச் சாலைகள் பல ஒரு வண்டி மட்டும் போகும் அகலமே உடையவை, நடுவில் புல் வளர்ந்திருக்கும், இருபுறமும் புதர்வேலி உயர்ந்து நிற்கும். இத்தகைய ஊர்ப்புறச் சாலைகளின் பொது வேக வரம்பு 2025 பிப்ரவரியில் 80 கிலோமீட்டரில் இருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டது. அந்த 60கூடப் பல வளைவுகளில் அதிகம். எதிரே வண்டி வந்தால் அகலமான ஒதுக்கிடம் யாருக்கு அருகில் இருக்கிறதோ அவர் பின்வாங்குவார், மற்றவர் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போவார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பண்ணை வாயிற்கதவின் முன்னால் வண்டியை நிறுத்தவே கூடாது, டிராக்டர் எந்த நேரமும் வரலாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

பருத்தி உடை நனைந்தால் எளிதில் காயாது, உடல் சூட்டை உறிஞ்சிவிடும். எனவே ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம். உடலோடு ஒட்டிய மெல்லிய செயற்கை இழை அல்லது கம்பளி உடை, அதன்மேல் ஃபிளீஸ், அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத தலைமறைப்புள்ள மேலங்கி என்று மூன்று அடுக்காக அணிந்தால், கழற்றவும் மாட்டவும் வசதி. குடை எதற்கும் உதவாது. காற்று அதை முதல் நிமிடத்திலேயே திருப்பிவிடும். நீர் புகாத காலணி, மாற்றுக் காலுறை, நீர் புகாத பையில் கைப்பேசி, அதற்கு மின்கலம், ஃபிளாஸ்கில் சூடான தேநீர் ஆகியவை அவசியம். மலைகளுக்கு இடையே கைப்பேசிச் சமிக்ஞை அடிக்கடி அறுந்துபோகும் என்பதால் அரசு நில அளவைத் துறையின் 1:50,000 அளவு டிஸ்கவரி வரிசை வரைபடத்தைத் தாளாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கில்லார்னிக்கு 78ஆம் தாள், விக்லோவுக்கு 56ஆம் தாள்.

சைவ உணவினர் ஊரிலேயே சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவது நல்லது, ஏரிக்கரையில் கடை இருக்கும் என்று நம்ப வேண்டாம். சொந்தக் கோப்பை ஒன்றையும் எடுத்துப் போங்கள்: 2023 முதல் கில்லார்னியின் காபிக் கடைகள் ஒருமுறை மட்டும் பயன்படும் கோப்பைகளைக் கைவிட்டுவிட்டன, கோப்பை இல்லாதவர்கள் முன்பணம் கட்டி ஒன்றை வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஓர் ஊரே சேர்ந்து இதைச் செய்திருப்பது பாராட்டத்தக்கது.

கரையில் நின்று காற்றை அறிதல்

படகில் கால் வைக்கும் முன் பத்து நிமிடம் கரையில் நில்லுங்கள். முன்னறிவிப்பு பெரிய பரப்புக்கானது. மலைகள் சூழ்ந்த ஏரியில் காற்று பள்ளத்தாக்குகளின் வழியே நெரிந்து வரும்போது திசையும் வேகமும் மாறிவிடும். நீர்ப்பரப்பில் கருமையான திட்டுகள் வேகமாக நகர்ந்து வருவது தெரிந்தால் அவை காற்று வீச்சுகள். ஒரு திட்டு உங்களை எட்டியதும் முகத்தில் காற்று பளாரென்று அறையும், நாணல்கள் ஒருசேரச் சாயும், அடுத்த நிமிடம் எல்லாம் அடங்கிவிடும். இப்படி விட்டுவிட்டு வரும் வீச்சுகள் ஒரே சீராக வீசும் காற்றைவிடத் தொல்லையானவை.

எது வசதியான காற்று, எது ஏமாற்றும் காற்று என்பதற்குக் கில்லார்னியே நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள மூன்று ஏரிகளில் பெரியது லாக் லீன், பரப்பு ஏறக்குறைய 19 சதுர கிலோமீட்டர். அதன் கிழக்குக் கரையில் பதினைந்தாம் நூற்றாண்டின் ராஸ் கோட்டையும், பக்கத்தில் படகுத்துறையும் உள்ளன. அயர்லாந்தில் வழக்கமான காற்று மேற்கில் இருந்தோ தென்மேற்கில் இருந்தோ வரும். அப்போது அலைகள் துறையிலேயே வந்து மோதுவதால் பார்க்கவே அச்சமாக இருக்கும். ஆனால் புறப்பட்டால் காற்றை எதிர்த்துப் போவீர்கள், களைத்தால் காற்றே உங்களைக் கரைக்குத் தள்ளிவந்துவிடும். கிழக்குக் காற்று வீசும் நாளில் துறையருகே நீர் கண்ணாடிபோல் இருக்கும், நாலு தடவை துடுப்பு வலித்ததும் படகு தானாக ஓடுவதுபோல் தோன்றும். கரையில் இருந்து விலக விலக அலை பெருகும், திரும்பும்போது முழுக் காற்றையும் எதிர்த்து வலித்து வர வேண்டியிருக்கும். காற்றடைத்த துடுப்புப் பலகையில் நிற்பவருக்கு இது இன்னும் கடினம், ஏனென்றால் அவருடைய உடலே பாய்மரமாகிவிடும். ஆகவே பயணத்தின் முதல் பாதியில் எப்போதும் காற்றை எதிர்த்தே செல்லுங்கள். கரையில் இருந்து ஏரிக்குள் காற்று வீசும் நாளில் பலகையை இறக்காதீர்கள்.

கயாக் புதிதாகக் கற்பவர்கள் சொந்தமாக வாங்கும் முன் கனூயிங் அயர்லாந்து அமைப்பின் தகுதி பெற்ற பயிற்சியாளரிடம் ஒரு முறையாவது போய்வர வேண்டும். ஈர உடையும் லைஃப் ஜாக்கெட்டும் அவர்களே தருவார்கள். ஏழு மீட்டருக்கும் குறைந்த படகுகளில், திறந்த தளத்தில் இருக்கும் அனைவரும் லைஃப் ஜாக்கெட் அணிவது அங்கே 2005 முதல் சட்டம். 16 வயதுக்கு உட்பட்டவர்கள் எந்த அளவுப் படகானாலும் தளத்தில் அணிந்தே ஆக வேண்டும். நீச்சல் தெரியும் என்பது இதற்கு மாற்றாகாது.

கில்லார்னியில் இரண்டு நாள்

காற்று குறைந்த நாளைப் படகுக்கு ஒதுக்குங்கள். ராஸ் கோட்டையில் இருந்து இன்னிஸ்ஃபாலன் தீவு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். ஏழாம் நூற்றாண்டில் தோன்றிய மடத்தின் இடிபாடுகள் மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. நீண்ட பயணம் விரும்பினால், மிதிவண்டியையும் ஏற்றிக்கொண்டு மூன்று ஏரிகளையும் கடந்து கில்லார்னியின் மேலேரி முனையில் உள்ள பிராண்டன் பிரபு குடில்வரை செல்லும் திறந்த விசைப்படகில் முன்பதிவு செய்யலாம். லாக் லீனின் அகன்ற பரப்பைத் தாண்டியதும் ஏரி குறுகி, பழைய அணைப் பாலத்தின் வளைவுக்குக் கீழே நீர் சுழித்து ஓடும் இடம் வரும். கோடையில் நீர் மட்டம் தாழ்ந்திருந்தால் படகோட்டி எல்லாரையும் இறங்கிக் கரையோரமாக நடக்கச் சொல்வார், படகு லேசானதும் நீரோட்டத்தை எதிர்த்து ஏறி அந்தப் பக்கம் வந்து காத்திருக்கும். குடிலில் இறங்கி, டன்லோ கணவாய் வழியாகக் கேட் கியர்னி குடில்வரை 11 கிலோமீட்டரை மிதிவண்டியில் கடக்கலாம். இரண்டு இடங்களிலும் தேநீர் கிடைக்கும் என்றாலும், குளிர்காலத்தில் கடையும் இல்லை, படகும் இல்லை.

காற்று பலமான நாள் நடுவேரியான மக்ரோஸைச் சுற்றும் பாதைக்கு. மொத்தம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். நடந்தால் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மிதிவண்டிகளுக்கு இது ஒருவழிப் பாதை, கடிகாரத்துக்கு எதிர்த் திசையில்தான் போக வேண்டும். மக்ரோஸ் மாளிகையில் தொடங்கி மேற்கே போனதும் ரீனடின்னா யூ மரக் காடு வரும். சுண்ணாம்புப் பாறையின்மேல் மண்ணே இல்லாமல், பாறை இடுக்குகளில் வேர் நுழைத்து நிற்கும் மரங்கள். பாறையும் வேரும் ஒரே பாசிப் போர்வையால் மூடியிருக்கும். வெளியே ஏரியில் அலை மோதிக்கொண்டிருக்கும்போதும் உள்ளே ஓர் இலை அசையாது. பிறகு பிரிக்கீன் பாலம், டினிஸ் குடில், மூன்று ஏரிகளின் நீரும் கூடும் இடம், அங்கிருந்து சிறிது தூரம் நெடுஞ்சாலையை ஒட்டி வந்தால் 20 மீட்டர் உயர டார்க் அருவி. மழை பெய்த மறுநாள் அருவி நிறைந்து விழும். ஆகவே மழைக்காக வருந்த வேண்டியதில்லை.

இந்தக் காடுகளும் ஏரிகளும் பொதுமக்களுக்குக் கிடைத்ததற்குக் காரணம், 1932இல் மக்ரோஸ் பண்ணையை அதன் உரிமையாளர்களான போர்ன் தம்பதியரும் அவர்களின் மருமகன் ஆர்தர் வின்சென்டும் நாட்டுக்கு வழங்கியதுதான். அயர்லாந்தின் முதல் தேசியப் பூங்கா இப்படித்தான் உருவாயிற்று. பூங்காவுக்குள் கூடாரம் அடிக்கவும் நெருப்பு மூட்டவும் அனுமதி இல்லை.

நீச்சல்

புதியவர்கள் உயிர்காப்பாளர் உள்ள இடத்தில் மட்டுமே நீந்த வேண்டும். லாக் டெர்க்கில் போர்ட்டும்னா, மௌண்ட்ஷானன், பாலிகக்கரன் ஆகிய கரைகளும், கால்வே மாவட்டத்தின் லாக்ரே ஏரியும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நீரின் தரத்தைச் சோதிக்கும் குளியல் இடங்கள். குளியல் பருவம் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகளுக்கு இடையே நீந்துங்கள்.

நடுக்கோடையிலும் நீர் நம் உடலுக்குச் சில்லென்றே இருக்கும். குளிர்ந்த நீரில் திடீரென்று குதித்தால் மூச்சு நம் வசத்தில் இல்லாமல் இழுத்துக்கொள்ளும். அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் நீர் நுரையீரலுக்குள் போய்விடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் மூழ்குவது இப்படித்தான். மெல்ல நடந்து இறங்கி, மூச்சு சீராகும்வரை இடுப்பளவு நீரில் நில்லுங்கள். தவறி விழுந்துவிட்டால் கைகால்களை உதறாமல் மல்லாந்து மிதந்திருங்கள், ஓரிரு நிமிடத்தில் மூச்சு நிலைக்கு வந்துவிடும்.

காற்றே இல்லாத வெப்ப நாட்களில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். உரம் கலந்த நீரில் நீலப்பச்சைப் பாசி பெருகி, மெல்லிய காற்று தள்ளும் பக்கத்துக் கரையில் பச்சை வண்ணம் கொட்டியதுபோல் படியும். அது நச்சுத்தன்மை கொண்டது. அப்படிப்பட்ட நீரில் குழந்தைகளையும் நாய்களையும் இறங்க விடாதீர்கள். லாக் லீனிலேயே 1997இல் பெரிய அளவில் இது ஏற்பட்டது. காற்று நின்ற ஈரமான மாலைகளில் மிட்ஜ் என்ற, கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு கடிபூச்சிகளும் கூட்டமாகக் கிளம்பும். சிறிது காற்று வீசினாலும் அவை பறப்பதில்லை என்பதால் நாணல் ஓரத்தை விட்டுத் திறந்த மேட்டில் உட்காருங்கள்.

மீன்பிடிப்பு

சால்மனுக்கும் கடல் டிரௌட்டுக்கும் அரசு உரிமம் கட்டாயம். பழுப்பு டிரௌட்டுக்குக் குடியரசில் அரசு உரிமம் தேவையில்லை, ஆனால் சில ஏரிகளுக்கு உள்ளூர் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். படகு வாடகைக்குத் தருபவரிடம் கேட்டாலே சொல்லிவிடுவார். இங்கு மட்டும் காற்று வேண்டும். படகைக் குறுக்கே நிறுத்திக் காற்றோடு மிதக்க விட்டுப் பிடிப்பதே இந்த ஏரிகளின் முறை. மே மாதத்தில் லாக் காரிப்பில் மேஃபிளை பூச்சிகள் நீரில் இருந்து எழும்போது, நீண்ட தூண்டிலில் இலேசான பட்டு நூலைக் கட்டி, உயிருள்ள பூச்சியைக் கொக்கியில் மாட்டி உயரப் பிடிப்பார்கள். காற்று நூலைத் தூக்கிச் சென்று பூச்சியை நீரின் மேல் தொட்டும் தொடாமலும் இறக்கும். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு ஒரு நாளாவது இதைப் பார்க்க வேண்டும்.

திரும்பும் முன்

அயர்லாந்தில் பிறர் நிலத்தில் நடக்கப் பொது உரிமை கிடையாது; குறியிட்ட பாதையில் இருங்கள், திறந்த கதவைத் திறந்தபடியும் மூடிய கதவை மூடியபடியும் விட்டுச் செல்லுங்கள், ஆடுகள் மேயும் இடத்துக்கு நாயைக் கொண்டுபோகாதீர்கள். பெரணிப் புதர்களில் உண்ணிகள் இருப்பதால், மாலையில் முழங்கால் மடிப்பு, அக்குள், குழந்தைகளின் காதுக்குப் பின்புறம் ஆகியவற்றைப் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெலிந்த இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். பின்வரும் நாட்களில் அந்த இடத்தில் வட்டமாகச் சிவப்பு பரவினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆபத்தில் 112 அல்லது 999ஐ அழைத்து, ஏரியில் என்றால் கடலோரக் காவல் படையையும், மலையில் என்றால் காவல்துறை வழியாக மலை மீட்புக் குழுவையும் கேளுங்கள். சமிக்ஞை மங்கலான இடத்தில் குறுஞ்செய்தி போய்ச்சேர வாய்ப்பு அதிகம். 112க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதிக்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும் என்பதால் அதை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். எந்தத் துறையில் இருந்து புறப்படுகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை விடுதியில் சொல்லிவிட்டுப் போங்கள்.

சொந்தக் கயாக்கோ பலகையோ கொண்டுவந்தவர்கள் ஓர் ஏரியில் இருந்து இன்னோர் ஏரிக்கு அப்படியே எடுத்துப் போகக் கூடாது. 1990களில் ஷானனில் நுழைந்த வரிச்சிப்பி (zebra mussel) என்ற அயல் சிப்பியினம் படகுகளோடு ஒட்டிக்கொண்டே ஏரி ஏரியாகப் பரவியது. கரையேறியதும் செடித்துணுக்குகளை எடுத்துவிட்டு, அடியையும் மடிப்புகளையும் கழுவி, ஈர உடை, கயிறு, லைஃப் ஜாக்கெட் உட்பட எல்லாவற்றையும் முழுதாகக் காயவைத்த பிறகே அடுத்த ஏரியில் இறக்குங்கள்.